பார்ட் பொக்கும் விண்மீன்களின் பிறப்பிடமும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டியபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை நான் நன்கு அறிவேன். ஆயினும் ஈண்டு வானியலைப்பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் நெடுநாளாகத் தீராதிருக்கும் ஒரு கடனாகும்.

ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், வைகாசி மாதத்து இரவொன்றில் விடுதி மாணாக்கர் சிலரை முற்றத்துக்கு அழைத்துச் சென்றேன். அக்காலத்தில் நம்மூரில் மின்சாரம் இருந்த இரவுகளிலும் இல்லாத இரவுகளே மிகுதி. ஆதலின் தலைக்கு மேலே நின்றது நம் பாட்டனார் கண்ட வானமாகவே இருந்தது. அன்று பகல் வகுப்பிலே விசுவாமித்திர முனிவர் திரிசங்கு மன்னனை வானில் நிறுத்திய கதை நடந்திருந்தது. அவன் பெயரால் நம்மவர் வழங்கும் விண்மீன் கூட்டத்தைத் தென்றிசையில், அடிவானத்திலிருந்து இருபது பாகை உயரத்தில், சுட்டிக் காட்டினேன். மேனாட்டார் அதனைத் தென்சிலுவை என்பர். அப்போது ஒரு மாணாக்கன், “சேர், அதற்குப் பக்கத்திலே ஓரிடம் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது?” என்று வினவினான். பார்த்தேன். பால்வீதியின் வெண்மை அவ்விடத்தே அறுபட்டு, மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு கறுப்புத் தெரிந்தது. அதற்குமுன் அதனை நான் கவனித்தவனல்லேன். ஆசிரியன் விடையின்றி நிற்றல் இழுக்கென்று எண்ணிய வயது அது. “அங்கே விண்மீன் இல்லை; வெற்றிடம்; அதனாலேதான் கறுப்பு” என்று சொல்லி அடுத்த கூட்டத்துக்குச் சென்றுவிட்டேன். அவனும் தலையை ஆட்டினான்.

நான் சொன்னது பிழை. அப்பிழையை என்னினும் மிகப் பெரியோர் எனக்கு முன்னரே செய்திருந்தனர் என்பதைப் பின்னாளில் நூல்களைப் படித்தபோது அறிந்து சிறிது ஆறுதலும் பெற்றேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியலாளராகிய சேர் வில்லியம் ஹேர்ஷல், விருச்சிகத்தின் பக்கத்தே இத்தகைய கறுப்பொன்றைத் தொலைகாட்டியிற் கண்டு, வானில் ஒரு துளை இருப்பதாகவே கொண்டார். அமெரிக்கராகிய எட்வேட் எமேசன் பாணாட் என்பார் பால்வீதியைப் பல்லாண்டு நிழற்படம் எடுத்து, 1919ஆம் ஆண்டில் 182 கரிய இடங்களுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். அவருங்கூட நெடுங்காலம் துளையோ திரையோ எனத் தடுமாறியே திரைதான் என்னும் முடிபுக்கு வந்தார். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளி வெறுமையன்று, அங்கே ஒளியை விழுங்கும் நுண்டூசு பரந்திருக்கின்றது என்பதை 1930இல் றொபேட் றம்ப்ளர் அளந்து நிறுவிய பின்னரே ஐயம் முற்றாக நீங்கியது. அத்தூசு செறிந்த முகில்களே நாம் காணும் கறுப்பு. பின்னாலிருக்கும் விண்மீன்களை அவை மறைக்கின்றன. விண்மீன்கள் அங்கே இல்லாமலில்லை.

திரை என்று துணிந்தபின், அத்திரை எதற்காக அங்கே தொங்குகின்றது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் பார்ட் பொக் ஆவர்.

பொக் 1906ஆம் ஆண்டு சித்திரை மாதம் 28ஆம் நாள் ஒல்லாந்து தேசத்தின் ஹோர்ண் என்னும் துறைமுக நகரிற் பிறந்தவர். அப்பெயரை நாம் முற்றும் அயலாகக் கொள்ளவேண்டியதில்லை. நம் நாட்டிற் கோட்டை கட்டியாண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இருந்த ஆறு கிளைச்சபைகளுள் ஒன்று ஹோர்ண் நகரிலேயே இருந்தது. சிறுவயதிற் சாரணர் படையிற் சேர்ந்து விண்மீன்களின் பெயர்களைக் கற்றவர், அவற்றை விட்டு மீளவேயில்லை. லெய்டன் சர்வகலாசாலையிலும் பின்னர்க் குரோனிங்கனிலும் பயின்றார். சனிக்கோளின் துணைக்கோள் ஒன்றுக்கு வாயுமண்டலம் உண்டெனக் கண்ட ஜெராட் குயிப்பர், லெய்டனில் இவரோடு ஒருங்கு கற்றவர். 1928இல் அகில உலக வானியற் சங்கத்தின் மகாநாடு லெய்டன் நகரிற் கூடியபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிறிசில்லா பெயர்பீல்ட் என்னும் வானியலாளரைக் கண்டார். அம்மையார் இவரினும் பத்து வயது மூத்தவர், அக்காலத்திலேயே கலாநிதிப் பட்டமும் பெற்றிருந்தவர். மறு ஆண்டு புரட்டாதியில் அமெரிக்க மண்ணில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. இருவரும் சேர்ந்து 1941இல் வெளியிட்ட ‘பால்வீதி’ என்னும் நூல் ஐந்து பதிப்புக் கண்டது. ஐந்தாம் பதிப்பு வந்த 1981இல் அம்மையார் மறைந்து ஆறாண்டு ஆகியிருந்தும், முகப்பில் இருவர் பெயரும் இருந்தன.

ஹாவாட் சர்வகலாசாலையில் 1929 முதல் 1957 வரை பொக் பணிபுரிந்தார். அங்கே அவர் செய்த முதற் பெரும் ஆராய்ச்சி விண்மீன் கொத்துக்களின் ஆயுள் பற்றியது. கார்த்திகை, உரோகிணி முதலிய இடங்களில் விண்மீன்கள் மந்தையாய்க் கூடியிருத்தலைக் காண்கிறோம். அம்மந்தைகளைப் பால்வீதியின் ஈர்ப்பு ஓயாது பிய்த்துக்கொண்டிருக்கின்றது. ஐதாக நிற்கும் கொத்து எதுவும் நெடுங்காலம் நிலைக்காது சிதறிவிடும் என 1934இல் அவர் கணித்துக் காட்டினார். இது சிறு கணக்காகத் தோன்றலாம். ஆயின் அதன் உட்பொருளை நோக்குக. சிதறவேண்டிய கொத்து இன்னும் சிதறாதிருக்கின்றதெனின், அஃது அண்மையிற் பிறந்ததாதல் வேண்டும். விண்மீன்கள் யாவும் ஆதிகாலத்தே ஒருமுறை படைக்கப்பட்டு முடிந்தவையல்ல, பிறந்துகொண்டே இருப்பவை என்னும் முடிபுக்கு அது வழி திறந்தது. இக்கால அளவையின்படி கார்த்திகைக் கொத்தின் வயது ஏறக்குறையப் பத்துக்கோடி ஆண்டு. நம் ஞாயிற்றின் வயதோ நானூற்று அறுபது கோடி. ஞாயிற்றின் முன் கார்த்திகைப் பெண்டிர் கைக்குழந்தைகள் என்க.

பிறக்கின்றன எனின், எங்கே? அதற்குப் பொக் கூறிய விடைதான் இக்கட்டுரையின் கரு.

1947ஆம் ஆண்டு அமெரிக்க வானியற்பௌதிகச் சஞ்சிகையில் ‘சிறு கரு நெபுலாக்கள்’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியோர் பொக்கும் அவருடைய உதவியாளராகிய எடித் றெயிலி அம்மையாரும். கட்டுரையின் நீளம் மூன்று பக்கம்! நம் மாணாக்கர் பரீட்சையில் ஒரு வினாவுக்கு எழுதும் விடையினும் அது குறுகியது. ஒளிரும் வாயு முகில்களின் நிழற்படங்களை ஆராய்ந்தால், அவ்வொளியின்மீது சிறிய, வட்டமான, விளிம்பு கூரிய கரும்புள்ளிகள் காணப்படும். அவற்றை ‘குளோபியூல்’, அதாவது உருண்டை, என அவர்கள் வழங்கினர். பரந்து கிழிந்து கிடக்கும் ஏனைய கரு முகில்களினின்றும் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் பெரிய தொலைகாட்டிகளால் ஆராய்தல் தகும் என்றனர். விண்மீன் உருவாவதற்குச் சற்று முற்பட்ட நிலை இதுவாகலாம் என்றும் எழுதினர்.

‘ஆகலாம்’ என்னும் அவ்வொரு சொல்லை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நாளிற் பொக்கிடம் சான்று இருக்கவில்லை. உருண்டையின் வடிவம் இருந்தது, அளவு இருந்தது, அதனுள் தூசு எத்துணைச் செறிவாய் உளது என்னும் மதிப்பு இருந்தது. உள்ளே நிகழ்வதைப் பார்க்கும் கருவி உலகில் எங்கும் இல்லை. பட்டுப்புழு தன் கூட்டுக்குள் இருக்கும்போது கூட்டைப் பார்த்தே உள்ளிருப்பதை ஊகிக்கிறோம் அன்றோ? அத்தகைய ஊகமே அது. ஆயினும் ஊகத்தின் பின்னே நல்ல காரணம் இருந்தது. வாயுவும் தூசும் ஓரிடத்துக் குளிர்ந்து திரண்டால் ஒன்றையொன்று ஈர்க்கும். வெப்பம் மிகுந்திருப்பின் வாயுவின் அமுக்கம் அவ்வீர்ப்பை எதிர்த்து நிற்கும். வெப்பம் குறையக் குறைய ஈர்ப்பே மேலோங்கும். உருண்டையின் உள்ளே விண்மீனொளி புகாது. ஆகவே அது மிகக் குளிர்ந்திருக்கும். இன்று அளந்தவாறு அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 260 பாகை செல்சியசு. ஒளியை மறைக்கும் அக்கருமையே குளிர்ச்சிக்கும், அக்குளிர்ச்சியே திரட்சிக்கும் காரணமாகின்றது.

இக்கருத்தை வானியலுலகம் கைதட்டி வரவேற்றது என்று எழுதினால் அது பொய்யாகும். மறுத்தோரும் உளர், மறுக்காமலே மறந்தோர் மிகப் பலர். அதே 1947இல் ஆர்மீனியா தேசத்து அம்பாட்சுமியன், விண்மீன்கள் பெருங்கூட்டங் கூட்டமாகவே பிறக்கின்றன என்பதற்கு வலிய சான்று காட்டினார். பெருங்கூட்டமெனின் ஒற்றையாய் நிற்கும் சிற்றுருண்டைக்கு அதில் என்ன வேலை? 1970இல் விண்வெளியிற் காபனோரொட்சைட்டு வாயுவின் வானொலி அலைகளைக் கண்டபின், ஞாயிற்றின் திணிவைப்போல இலட்சம் மடங்குக்கும் மேலான திணிவுடைய மாமுகில்கள் வெளிப்பட்டன. பெரும்பாலான விண்மீன்கள் பிறப்பது அம்மாமுகில்களிலேயே என்பது இன்று நிலைபெற்ற முடிபு. அதுகொண்டு பார்க்கின், பொக் உருண்டைகள் பெரிய பிரசவ விடுதிகளல்ல. ஒன்றோ சிலவோ பிறக்கும் தனி வீடுகள். இதனை மறைத்து அவரைப் புகழ்வது அவருக்கும் உண்மைக்கும் செய்யும் தீங்காகும்.

பொக் என்ன செய்தார்? வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கருவிகளையும் மனிதர்களையும் உண்டாக்கினார். மெக்சிக்கோவில் 1942இல் திறக்கப்பட்ட தொனாந்சிந்திலா வானாய்வு நிலையத்துக்கு அவரும் மனைவியாரும் துணைநின்றனர். தென்னாபிரிக்காவில் ஹாவாட்டின் தென்வான நிலையத்துக்குப் புதிய தொலைகாட்டி ஒன்று 1950இல் வந்தது. அங்கே சென்று தென்பால்வீதியை ஆராய்ந்தார். 1951இல் ஐதரசன் வாயுவின் 21 சதமமீற்றர் வானொலி அலை ஹாவாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டதும், தாம் வளர்ந்த நிழற்படத் தொழிலையே பற்றிக்கொண்டிராமல், மாணாக்கரைத் திரட்டி வானொலி வானியலைத் தொடங்கினார். 1957இல் அவுஸ்திரேலியாவுக்குப் போய் ஸ்ரொம்லோ மலை வானாய்வு நிலையத்தை ஒன்பது ஆண்டு நடத்தினார். கன்பராவின் விளக்கொளி வளர்வதைக் கண்டு, தொலைவில் சைடிங் ஸ்பிறிங் மலையில் நிலையம் அமைப்பித்தார். 1966இல் அரிசோனாவுக்குத் திரும்பினார். அங்கே அவர் காலத்தில் எழுந்த 90 அங்குலத் தொலைகாட்டிக்கு 1996இல் அவர் பெயரே இடப்பட்டது. இவ்வளவும் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைப்பு.

ஓர் இடைக்குறிப்பு. சோதிடம் விஞ்ஞானமன்று என்று வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர் பொக். 1975இல் 186 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு வெளியிட்ட கண்டன அறிக்கையை எழுதியோருள் அவரும் ஒருவர். நம் பெற்றோருள் பலர்க்கு இஃது உவப்பாக இராது. நானும் என் மகளின் சாதகத்தை எழுதுவித்தவனே. ஆயினும் அவர் வரலாற்றைச் சொல்லப் புகுந்தவன் அதனை மட்டும் மறைத்தல் முறையன்று.

இனி உருண்டைகளுக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு ரிச்சட் சுவாட்ஸ் என்பார், தென்வானத்துக் கம் நெபுலாவிலுள்ள உருண்டை ஒன்றினின்றும் ஒளிரும் வாயுத்துண்டுகள் பீறிட்டு வெளிவருவதைக் கண்டார். அவ்வகைத் துண்டுகள் இளஞ்சிசு விண்மீன்கள் உமிழும் வாயுத்தாரைகளால் உண்டாவன. அவற்றை முதலிற் கண்ட ஹேர்பிக், ஹாறோ என்னும் இருவர் பெயரால் வழங்கப்படுவன. ஹாறோ வேறு யாருமல்லர். பொக் தம்பதிகள் துணைநின்ற அந்த மெக்சிக்கோ நிலையத்திற் பணிபுரிந்தவர். இளமையில் ஹாவாட்டுக்கும் வந்து பயின்றவர். முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய ‘ஆகலாம்’ என்னும் சொல்லுக்கு முதற் சான்று அவ்வாறு கிடைத்தது. அப்போது பொக்குக்கு வயது எழுபத்தொன்று. ஆயினும் ஓர் உருண்டை ஓர் உருண்டையே. ஒன்றில் நிகழ்ந்தது மற்றவற்றிலும் நிகழ்கின்றதா என்பது தெரியவில்லை.

பிறக்கும் விண்மீன் தன்னைச் சூழ்ந்த தூசைச் சூடாக்கும். அவ்வெப்பம் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிராய் வெளிப்படும். தூசு கண்ணொளியை மறைக்குமாயினும் அக்கதிரை மறைக்க வல்லதன்று. ஆனால் நம் பூமியின் வாயுமண்டலம் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. ஆகவே கருவியை வாயுமண்டலத்துக்கு அப்பால் ஏற்றவேண்டும். அக்கருவியும் குளிர்ந்திருக்கவேண்டும், இல்லையேல் தன் சூட்டையே தான் காணும். அத்தகைய செய்மதி ஒன்றை அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒல்லாந்தும் கூடிச் செய்தன. ஐராஸ் என்பது அதன் பெயர். திரவ ஈலியத்தாற் குளிரூட்டப்பட்ட 57 சதமமீற்றர்த் தொலைகாட்டி ஒன்றைத் தாங்கிக்கொண்டு, அது 1983 தை மாதம் 25ஆம் நாள் விண்ணேறியது. ஈலியம் தீர்ந்து அது கண்மூடிய நாள் அவ்வாண்டு கார்த்திகை 21. அந்தப் பத்து மாதத்துள் வானம் ஏறக்குறைய முழுவதையும் அது துருவிவிட்டது.

அந்தப் பத்து மாதத்துள்ளேதான், ஆவணி மாதம் 5ஆம் நாள், பொக் இறந்தார். அவர் சொன்னது மெய் என்பதற்குரிய சான்று அவர் தலைக்கு மேலே, அவருடைய பிறந்த நாடும் கைகொடுத்துச் செய்த செய்மதி ஒன்றிலே, நாள்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் அறியார், வேறெவரும் அறியார்.

சேர்ந்த சான்றை எடுத்து வாசிக்கவும் ஆள் வேண்டும் அன்றோ? அதற்கு ஏழு ஆண்டு சென்றது. டான் கிளெமென்ஸ் என்பார் இன்னொருவரோடு சேர்ந்து 1988இல் 248 சிறு உருண்டைகளுக்கு அட்டவணை வகுத்தார். பின்னர் அவரும் யுன் என்னும் இளைஞரும், ஹாவாட்டுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள பொஸ்ரன் சர்வகலாசாலையிலிருந்து, அவ்வுருண்டைகள் ஒவ்வொன்றையும் ஐராசின் பதிவுகளில் தேடினர். கணிசமானவற்றுள் இளவிண்மீனின் வெப்பக்கதிர் இருந்தது. முடிபு 1990இல் வெளிவந்தது. விஞ்ஞானக் கட்டுரைகளின் தலைப்புக்கள் பொதுவாக உப்புச் சப்பற்றவை. இதன் தலைப்போ, சிற்றுருண்டைகளில் விண்மீன் உருவாதலைக் குறித்துவிட்டு, அதனோடு ‘பார்ட் பொக் சொன்னது சரியே’ என்றும் நின்றது. வழக்கு முடிந்தபின் தீர்ப்பை வாதியின் பெயர்சொல்லி வாசித்தாற்போல இருந்தது அது. வாதி இல்லாத மன்றிலே வாசித்தார்கள்.

மூன்று பக்கத்துக்கும் அத்தலைப்புக்கும் இடையே நாற்பத்துமூன்று ஆண்டு.

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பயனை அளப்பதற்கு இக்காலத்தார் ஒரு முறை வைத்திருக்கின்றனர். பின்வந்த கட்டுரைகள் அதனை எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எண்ணுவர். யூஜின் காபீல்ட் என்னும் அமெரிக்கர் 1964இல் அதற்கெனப் பேரட்டவணை ஒன்றை வெளியிடத் தொடங்கினார். வானியலுக்கு மட்டும் தனியே ஓர் அட்டவணை உண்டு. அது கணினியில் இயங்குவது. பொக் பணிபுரிந்த அதே ஹாவாட்டிலேயே பேணப்படுவது. சர்வகலாசாலைகளிற் பதவியும் உயர்வும் இன்று பெரிதும் அவ்வெண்ணிக்கையைப் பற்றியே நிற்கின்றன என்று அங்கே பணிபுரியும் நம் பழைய மாணவர் சொல்லக் கேட்கிறேன்.

மேற்கோளின் அருமையைத் தமிழ் படித்தவனுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்தாண்ட அளவே. தகடூர் யாத்திரையின் கதியும் அதுதான். எடுத்தாள்வார் இல்லாத நூல் இறந்தேபோகும். ஆதலின் மேற்கோளை எண்ணுதல் வீண்வேலை என்று நான் கூறமாட்டேன். ஆயினும் பொக்கின் கட்டுரையை அக்கோலால் அளக்கப் புகுவார் இருவகையில் ஏமாறுவர். முதலாவது, 1950களில் எண்ணியிருந்தால் அது செத்த கட்டுரை என்றே முடிவு கட்டியிருப்பர். கருவி பிறக்காத காலத்தில் அதனை எடுத்தாள எவருக்கு இயலும்? மற்றையது இன்னும் விநோதமானது. இன்று ‘பொக் உருண்டை’ என்பது வானியலிற் பொதுச்சொல்லாகிவிட்டது. பாடநூல் எழுதுவோரும் மாணாக்கரும் அதனை நாளும் வழங்குகின்றனர். பொதுச்சொல்லுக்கு எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஈர்ப்பைப்பற்றி எழுதுவார் நியூற்றனின் நூலுக்குப் பக்க எண் இடுகின்றாரா? கட்டுரை முழுவெற்றி பெற்றவிடத்து எண்ணிக்கை நின்றுவிடுகின்றது. சங்கப் புலவருள் செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் மறைந்தது; அவர் ஆண்ட உவமை பெயராய் நின்றது. பொக்குக்கு நேர்ந்தது அதற்கு மறுதலை. பெயர் நின்றது, எழுதிய மூன்று பக்கத்தைத் தேடி வாசிப்பார் அரியர்.

பெயரும் ஒருவர் பெயரே நின்றது என்பதையும் சொல்லவேண்டும். கட்டுரை இருவர் எழுதியது. எடித் றெயிலி அம்மையாரை எந்த உருண்டையும் சுமக்கவில்லை. நிழற்படத் தட்டுக்களை வெளிச்சத்திற் பிடித்து, கரும்புள்ளிகளைக் கண் வலிக்க நோக்குதல் அக்காலத்து ஹாவாட்டிற் பெரும்பாலும் பெண்களின் பணியாயிருந்தது. இரண்டாம் பெயர் உதிர்ந்துபோதல் உலக வழக்கு என்று சிலர் அமைதி கூறுவர். எனக்கு அவ்வமைதி மனத்துக்கு ஒவ்வவில்லை.

பொக்கின் பெயரும் விண்ணில் ஏறியுள்ளது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் ஒன்றுக்கு அவரும் மனைவியாரும் ஆகிய இருவர் நினைவாகவும் ‘பொக்’ என்று பெயரிட்டனர். ஓய்வுபெற்றபின் போயிருக்கத் தமக்குச் சிறு காணி ஒன்று கிடைத்ததென்று அவர் நகைத்தாராம். அச்சிறுகோளின் வரிசை எண் 1983. அவர் இறந்த ஆண்டும் அதுவே. சோதிடத்தை வெறுத்தவருக்கு இப்படியொரு பொருத்தம் வாய்த்ததைக் கண்டு நம் சாத்திரிமார் மகிழக்கூடும்; எண்களுக்கு அத்தகைய குறும்பு உண்டு.

அவர் மறைந்தபின் உருண்டைகளின் கதை வேகமாக வளர்ந்தது. பாணாட்டின் அட்டவணையில் 68ஆம் எண் பெற்ற உருண்டையை ஐரோப்பிய வானியலாளர் சில்லி நாட்டிலுள்ள பெருந்தொலைகாட்டிகளால் நோக்கினர். பின்னாலிருக்கும் ஏறக்குறைய 3,700 விண்மீன்களின் ஒளி எவ்வளவு மங்கி, எவ்வளவு சிவந்து வருகின்றது என்று ஒவ்வொன்றாக அளந்து, அதனால் உருண்டையின் உள்ளே விளிம்பு முதல் நடுவரை தூசு எவ்வாறு செறிந்து செல்கின்றது என்பதை 2001இல் வெளியிட்டனர். ஈர்ப்பும் அமுக்கமும் ஏறக்குறையச் சமனாய், தராசுமுள் அசையும் நிலையில் நிற்கும் ஒரு கோளத்துக்குக் கணிதர் முன்னரே வகுத்திருந்த வரைகோட்டோடு அது பொருந்தியது. உருண்டையைத் திறக்காமலே உள்ளறையை அளந்துவிட்டார்கள். துளை என்று ஹேர்ஷல் கொண்டதுபோன்ற ஒரு கறுப்புக்கு இன்று நம்மிடம் உள்வரைபடம் இருக்கின்றது.

இனி என் கடனுக்கு வருகிறேன். அன்று வினவிய மாணாக்கன் இப்போது கடல்கடந்த நாடொன்றிற் பொறியியலாளனாய் இருக்கிறான். சங்கத்தின் அங்கத்தவனாதலின் இம்மலர் அவன் கைக்கும் எட்டும். ஆகவே பதினெட்டு ஆண்டு பிந்திய விடையை இங்கே எழுதிவைக்கிறேன். திரிசங்குவின் பக்கத்தே நீ கண்ட கறுப்பு வெற்றிடமன்று. அதற்கு நிலக்கரிப் பை என்று பெயர். நமக்கு ஏறக்குறைய 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தூசு முகில் அது. வெறுங்கண்ணாற் காணத்தக்க கரு முகில்களுட் பெயர்பெற்றது. இத்தீவிலிருந்து, நிலவில்லாத வைகாசி இரவில் ஒன்பது மணியளவில், தெற்கே தடையின்றிக் கடல் தெரியும் இடத்தில் நின்றால் இன்றும் காணலாம். பொக் தம் முதுமையில் அதனையும் விட்டுவைக்கவில்லை. அதனுள்ளே உருண்டைகள் இருப்பதை அவரும் வேறிருவரும் 1977இல் எழுதினர்.

இவ்வளவும் எழுதியபின், ஒன்றை மறைத்தால் மீண்டும் பிழைசெய்தவனாவேன். நிலக்கரிப் பையினுள் வானியலாளர் பலகாலும் தேடியுள்ளனர். இதுவரை அங்கே விண்மீன் எதுவும் பிறப்பதாகக் காணப்படவில்லை. அதன் உருண்டைகளுட் செறிந்த ஒன்றை ஆராய்ந்தோர் நடுவில் வளையம்போன்ற தூசுத்திரட்சியைக் கண்டு, அது இன்னும் அமையாத மிக இளைய கருவாகலாம் என 2004இல் எழுதினர். அவர்களும் ‘ஆகலாம்’ என்றே நிறுத்தினர். “அப்படியாயின், சேர், அங்கே ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னதிலும் பாதி சரிதானே?” என்று அவன் கடிதம் எழுதக்கூடும். எழுதினால் மகிழ்வேன், அந்தப் பாதிப் புள்ளியை மட்டும் ஏற்றுக்கொள்ளேன்.